உஷார்! மாட வீதி வீட்டுக்குச் சிமென்ட் பூசும் முன்…

திருவண்ணாமலை மாட வீதியிலோ, அதை ஒட்டிய சந்துகளிலோ ஒரு பழைய வீட்டை வாங்கியிருக்கிறீர்களா? அதை அறை அறையாகத் தடுத்துப் பௌர்ணமிக்கு வாடகைக்கு விடலாம் என்று நாளைக் காலையிலிருந்து கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறீர்களா? இப்போதே போன் போட்டு ஒரு வாரம் தள்ளிவையுங்கள். சிமென்ட் மூட்டை வந்து இறங்கிவிட்டது என்றால் தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள். மூட்டை கெட்டுப்போனால் சில ஆயிரம் ரூபாய் நஷ்டம். அந்தச் சிமென்ட் சுவரில் ஏறிய பிறகு வருகிற நஷ்டத்துக்கு இந்தக் கணக்கு போதாது.

கடந்த சில ஆண்டுகளாக ஊர் மாறிவருவது இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கண்கூடு. மாதா மாதம் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் மலை சுற்ற வருகிறார்கள். ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வரும் கூட்டம் பெருகியிருக்கிறது. பௌர்ணமியன்று ஊருக்குள் ஒரு ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் சன்னதி தெரு, திருவூடல் தெரு, பே கோபுரத் தெரு என்று கோயிலைச் சுற்றியிருக்கும் பழைய வீடுகளுக்குக் கிராக்கி வந்துவிட்டது. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்தில் இருப்பவர்கள் வாங்கிப் போடுகிறார்கள். வாங்குவதில் தப்பே இல்லை. வாங்கியவர் அந்த வீட்டில் ஒரு மழைக்காலம்கூடப் படுத்து எழுந்தது கிடையாது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எந்தச் சுவரில் ஓதம் ஏறும், எந்த மூலையில் தளம் சொட்டும், எந்தக் கட்டையில் கரையான் புற்று வைக்கும் என்பதெல்லாம் குடியிருந்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வீட்டைப் பார்க்க வரும் ஒப்பந்தக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு என்ன சொல்வார்? "எல்லாம் காரைப் பூச்சு சார், உதிருது. மொத்தமா கொத்திப் போட்டுட்டு சிமென்ட்ல பூசிடலாம். மேல புட்டி வெச்சு பெயின்ட் அடிச்சா புது வீடு மாதிரி ஆயிடும்." அவர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் கற்றுக்கொண்ட வேலை சிமென்ட் வேலை. அவருடைய அப்பா கற்றதும் அதுதான். சுண்ணாம்பு அரைத்துப் பூசிய தாத்தாவோடு அந்தக் கைப்பழக்கம் போய்விட்டது. தெரிந்த மருந்தை எல்லா நோய்க்கும் கொடுக்கிறார். நோயாளி வேறு சாதி உடம்பு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த உடம்பு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தியாவில் சிமென்ட் தயாரிக்கும் முயற்சி 1904-ல் சென்னையில் தொடங்கியது. திருச்சிக்குப் பக்கத்தில் டால்மியாபுரம் ஆலை வந்தது 1939-ல். அதற்கு முன்னால் எழும்பிய வீடுகள் அநேகமாக எல்லாமே சுண்ணாம்பில் நிற்பவை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நம் ஊர்களில் சுண்ணாம்புதான் ஓடியது. உங்கள் வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற 217 அடி ராஜகோபுரத்தின் மேல்நிலைகளும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். கல்லை நீற்றிச் சுண்ணாம்பாக்கி, தண்ணீர் விட்டுத் தாளித்து, நாள்கணக்கில் ஊறவைத்து, மணலும் செங்கல் பொடியும் சேர்த்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்த சாந்து அது. பூசிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெள்ள மெள்ள வாங்கிக்கொண்டு திரும்பவும் கல்லாகிறது. இறுகப் பல மாதம் ஆகும். இறுகிய பிறகும் அதற்குள் நுண்துளைகள் இருக்கும். ஈரம் உள்ளே வரும், வெயிலடித்தால் வெளியே போய்விடும். பழைய கொத்தனார்கள் இதை "சுவர் மூச்சு விடுது" என்பார்கள். வெறும் அலங்காரப் பேச்சு என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். சுவர் பிழைத்திருப்பதே அந்த மூச்சில்தான்.

ஏனென்றால் அந்த வீடுகளின் அஸ்திவாரத்தில் ஈரத் தடுப்பு என்று எதுவும் கிடையாது. இன்று நாம் தரைமட்டத்தில் கான்கிரீட் பெல்ட் போட்டு, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்து ஈரத்தை நிறுத்துகிறோம். அன்று நிறுத்தவில்லை, வர விட்டார்கள், போகவும் வழி வைத்தார்கள். மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மூன்று நான்கு அடி உயரம் ஏறும். காரைப் பூச்சின் வழியே ஆவியாகிவிடும். அடிப்பூச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உதிரும். பொங்கலுக்கு முன் அந்த இடத்தை மட்டும் பூசி வெள்ளையடிப்பார்கள். உதிர்வதற்காகவே இருந்த பூச்சு அது. செங்கல்லைக் காப்பாற்றத் தன்னைக் கொடுத்தது.

இப்போது அந்த அடிப்பகுதியில் நான்கடி உயரத்துக்குச் சிமென்ட் பூசுகிறீர்கள். முதல் ஆறு மாதம் பளிச்சென்று இருக்கும். ஈரம் ஏறுவது நிற்கவில்லை. வெளியேறும் வழி மட்டும் அடைபட்டுவிட்டது. அதனால் அது இன்னும் மேலே ஏறுகிறது. சிமென்ட் முடிகிற கோட்டுக்கு மேலே, ஐந்தடி ஆறடியில், புதிதாக ஓதம் தெரியும். "அங்கேயும் சிமென்ட் பூசு" என்பீர்கள். இன்னும் மேலே போகும். ஈரத்தோடு மண்ணின் உப்பும் ஏறுகிறது. பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவே அந்த உப்பு படிகமாகி விரிகிறது, செங்கல்லின் முகத்தைப் பொடிப்பொடியாக்குகிறது. வெளியே இருந்து பார்த்தால் சுவர் கெட்டி. உள்ளே கையை விட்டால் செம்மண் மாதிரி கொட்டும். சிமென்ட்டிலேயே கரையும் உப்புகள் உண்டு என்பது இன்னொரு கேடு. மெத்தென்ற செங்கல்லின் மேல் இரும்பு மாதிரி ஒரு தோல். சுவர் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும்போது இரண்டும் ஒன்றாக அசைவதில்லை. மெல்லிய வெடிப்பு விழும். அந்த வெடிப்பு வழியே மழைத் தண்ணீர் உள்ளே போகும். போனது வராது.

இதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். பாட்டி காலத்துச் சமையற்கட்டு. ஓதத்துக்குப் பயந்து அப்பா உள்ளும் புறமும் சிமென்ட் பூசச் சொன்னார். அதன்மேல் ஓதம் தெரிந்தபோது டைல்ஸ் ஒட்டினோம். இரண்டு பக்கமும் அடைத்தாகிவிட்டது. சில ஆண்டுகள் கழித்து ஒரு ஆணி அடிக்கப் போனபோது டைல்ஸோடு ஒரு முழ அகலம் கழன்று வந்தது. பின்னாலிருந்த செங்கல் விரலால் சுரண்டினால் வந்தது. அந்தச் சுவரின் மேல்தான் தளத்தின் இரண்டு கட்டைகள் உட்கார்ந்திருந்தன. அதற்குக் கீழேதான் அம்மா தினமும் நின்று சமைத்துக்கொண்டிருந்தார். அன்று இரவு எங்களில் யாரும் தூங்கவில்லை.

சுவரைவிட எனக்கு அதிகம் பயம் தளத்தைப் பற்றித்தான்.

பழைய மச்சு வீட்டின் தளத்தை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் சின்னச் செங்கற்களை நெட்டுக்குத்தாக மூலைவாட்டில் சுண்ணாம்பில் பதித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். இதன் உயிர்நிலை கட்டையின் நடுப்பகுதி இல்லை. சுவருக்குள் புதைந்திருக்கும் இரண்டு முனைகள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு சாண் நீளம்தான் மொத்தத் தளத்தையும் தாங்குகிறது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நிலைத்துவிட்டால் பூஞ்சை பிடித்து உளுக்கத் தொடங்கும். தேக்கும் விதிவிலக்கல்ல, கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். சுவரைச் சிமென்ட்டால் அடைத்துத் தளத்தையும் சிமென்ட்டால் மூடினால் கட்டை முனைகள் ஈரத் துணியில் சுற்றி வைத்த மாதிரி ஆகிவிடும். அறைக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கிறீர்கள்; வார்னிஷ் அடித்த கட்டை பளபளக்கிறது. விளம்பரத்தில் 'பாரம்பரிய வீடு' என்று போட நல்ல படம் கிடைக்கிறது. முனை என்ன கதியில் இருக்கிறது என்று படத்தில் தெரியாது.

இதோடு எடையைச் சேர்த்துப் பாருங்கள். மொட்டை மாடி ஒழுகுகிறது என்று ஓர் அங்குலக் கனத்துக்குச் சிமென்ட் தளம் போடுகிறார்கள். பத்துக்குப் பத்து அறைக்கு மேல் அந்த ஓர் அங்குலம் மட்டும் ஏறக்குறைய அரை டன். வாட்டம் சரியில்லை என்று இரண்டு அங்குலம் போட்டால் ஒரு டன். அதன் மேல் கூலிங் டைல்ஸ். மூலையில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அது நிரம்பினால் இன்னொரு டன். ஒவ்வொரு அறைக்கும் அட்டாச்டு பாத்ரூம் இருந்தால்தான் வாடகை வரும் என்று மாடி அறையில் நாலரை அங்குலச் சுவர் எழுப்புகிறார்கள். பத்தடி நீளம், பத்தடி உயரச் சுவர் ஒன்று பூச்சோடு சேர்த்து இரண்டு டன்னைத் தாண்டும். அதைத் தாங்குவது யார்? கீழே இருக்கும் அதே பழைய கட்டைகள். பாத்ரூம் தரையின் ஒழுக்கு சொட்டுவதும் அவற்றின் மேல்தான்.

இனிமேல் சொல்வதைத் திருவண்ணாமலைக்காரர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு இந்த ஊரின் மொட்டை மாடிகள் எப்படி இருக்கும்? மலை உச்சி தெரிகிற ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள். சொந்தக்காரர், வாடகைக்கு வந்தவர், அவர் கூட்டி வந்தவர், பக்கத்து வீட்டார், வழிப்போக்கர் எல்லோரும். தீபம் தெரிந்ததும் அத்தனை பேரும் ஒரே கைப்பிடிச் சுவர்ப் பக்கம் நகர்வார்கள். பத்துக்குப் பத்து இடத்தில் 25 பேர் நெருக்கி நின்றால் ஒன்றரை டன். இன்றைக்குப் புதிதாகக் கட்டும் வீட்டின் மொட்டை மாடிக்கே இந்திய தரநிலை சதுர மீட்டருக்கு 150 கிலோ என்றுதான் கணக்கு வைக்கிறது. பத்துக்குப் பத்துக்கு அது ஏறக்குறைய 1.4 டன். அதாவது புது வீட்டுக்கே இந்தக் கூட்டம் அதிகம். நூறு வருஷத்துக் கட்டையின் மேல், புதிதாக ஏற்றிய சிமென்ட் பளுவோடு, உள்ளே உளுத்த முனைகளோடு இருக்கும் மாடியில் அந்தக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். எனக்கு ஒவ்வொரு தீபத்தன்றும் அந்த அரை மணி நேரம் நெஞ்சு படபடக்கிறது.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் புதுச்சேரிக் கடற்கரையை நினைவுபடுத்துகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் 1870-களில் கட்டிய மேரி கட்டடம், நகராட்சி அலுவலகமாக இருந்த பெரிய மாளிகை, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கம்பீரமாகத்தான் நின்றுகொண்டிருந்தது. பழுதை நேரத்தில் பார்க்காத சுண்ணாம்புக் கட்டடத்துக்கு ஒரு நல்ல வடகிழக்குப் பருவமழை போதும். பிறகு அதே தோற்றத்தில் திரும்பக் கட்டினார்கள். அரசால் முடிந்தது. ஒரு தனி வீட்டுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

"எங்கள் வீடு அவ்வளவு பழசில்லை, 85-ல் கட்டிய கான்கிரீட் வீடு" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சீலிங்கில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறதா? கம்பியில் துருவாக மாறும் இரும்பு, தான் இருந்த அளவைப்போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை பருக்கும். கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளுவது அதுதான். அந்தத் துருவைச் சுரண்டி எடுக்காமல், கம்பிக்குக் காப்புப் பூச்சு கொடுக்காமல், மேலே கலவையை அப்பிப் புட்டி வைத்து, ஜிப்சம் சீலிங் போட்டு மறைத்துவிடுகிறார்கள். மறைத்த பிறகு துரு நிற்காது. யாரும் பார்க்காத இடத்தில் வேகமாக நடக்கும். கட்டில் போட்டிருப்பது அதற்கு நேர் கீழே. வாடகை அறைக்காக வீடு வாங்குபவர்களே, புதுப் பொய்ச்சீலிங் போட்ட பழைய வீட்டைக் கண்டால் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அந்த வீடு வேண்டாம்.

அவசரம் இன்னொரு எமன். கான்கிரீட்டின் பலத்தை 28-ஆம் நாளில் அளக்கிறார்கள். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 29 நாள் சொச்சம். இந்த ஊரில் வேலை எல்லாமே 'அடுத்த பௌர்ணமிக்குள்' என்றுதான் பேசி முடிக்கப்படுகிறது. கொத்திப் போட ஒரு வாரம், சென்ட்ரிங்குக்கு ஒரு வாரம் போனால் தளத்துக்கு மிஞ்சுவது எத்தனை நாள்? நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுக்கொம்பை 7 நாளாவது விட வேண்டும், அதற்கு மேல் போனால் 14 நாள், ஆறு மீட்டர் வரையிலான உத்திரத்துக்கும் 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள் என்று தரநிலை சொல்கிறது. தண்ணீர் காட்டுவது சாதாரணச் சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டுக்கு 10 நாள். நம் கடைகளில் இன்று அதிகம் விற்பது பி.பி.சி.தான். சித்திரை வெயிலில் காலையில் ஒரு தடவை ஹோஸ் பைப் பிடித்துவிட்டு மேஸ்திரி போய்விட்டால் மதியத்துக்குள் தளம் காய்ந்து கோடு விழும். உரிமையாளர் வாட்ஸ்அப்பில் படம் பார்த்துத் திருப்திப்படுகிறார். ஈரமாக இருக்கிறதா என்று படத்தில் தெரியாதே. தெருவில் நம்பிக்கையான ஒருவருக்குக் கூலி கொடுத்தாவது சாக்கு போட்டுத் தண்ணீர் விடச் சொல்லுங்கள்.

எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூசியைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்தால் அடியில் மணல், மேலே சேறு மாதிரி தூள் எவ்வளவு என்று தெரிந்துவிடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கம்பி போட்ட வேலைக்கு அதை ஊற்றாதீர்கள். குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, பரிசோதனைக்குக் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். மூன்று மாதம் கிடந்த மூட்டையில் பலம் கணிசமாகக் குறைந்திருக்கும். இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான், தெரிந்தும் விட்டுவிடுகிறோம்.

பலருக்குத் தெரியாதது மாடியில் இருக்கும் கல்நார் ஷீட். நாம் 'சிமென்ட் ஷீட்' என்றும் 'ஆஸ்பெஸ்டாஸ்' என்றும் சொல்லும் அலை அலையான கூரை. சிமென்ட்டோடு கல்நார் இழைகளைச் சேர்த்துச் செய்தது. இருந்த இடத்தில் இருக்கும்வரை தொந்தரவு குறைவு. புதுப்பிக்கும்போது என்ன செய்கிறோம்? மேலிருந்து சுத்தியலால் அடித்து நொறுக்கிக் கீழே தள்ளுகிறோம், மெஷின் வைத்து அறுக்கிறோம், தூசியைத் துடைப்பத்தால் பெருக்குகிறோம். அந்த இழைகள் கண்ணுக்குத் தெரியாது. மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் இருபது, முப்பது வருஷம் கழித்துத் தலைகாட்டும். எந்த வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. பல நாடுகள் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் ஷீட் இன்னும் விற்பனையில் இருக்கிறது. ஆகவே கழற்றுவதென்றால் தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்குங்கள். உடைக்காதீர்கள். பக்கத்தில் குழந்தைகள் நிற்க வேண்டாம். சித்தாள் அக்காக்களிடம் துணி கட்டிக்கொள்ளச் சொன்னால் போதாது. தூசிக்கான சரியான முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். அந்த அக்காக்களின் கைகளையும் பாருங்கள். ஈரச் சிமென்ட் கடும் காரம், தோலை வேகவைக்கும், அதிலுள்ள குரோமியம் ஆறாத சிரங்கைக் கொண்டுவரும். வெறுங்கையாலும் வெறுங்காலாலும் கலவை சுமப்பவர்களுக்குக் கையுறையும் பூட்ஸும் வாங்கித் தருவது ஒப்பந்தக்காரர் தலையில் கட்டிவிடும் விஷயம் இல்லை. வீடு உங்களுடையது.

மலையடிவாரத்தில் வாங்குபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த மறுநாள், 2024 டிசம்பர் 1 அன்று, வ.உ.சி. நகரில் மலையிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடியது. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். அந்த ஆண்டு தீபத்துக்கு மலையேறப் பக்தர்களை அனுமதிக்கவில்லை. மண் அந்த அளவுக்கு நெகிழ்ந்து கிடந்தது. அந்தச் சரிவுக்குச் சிமென்ட் காரணம் என்று சொல்ல வரவில்லை. கொட்டிய மழையும் சரிவின் மண்ணும் பாறையும் அப்படி. ஆனால் அதற்குப் பிறகும் அடிவாரத்தில் பலர் நம்புவது கெட்டியாக ஒரு தடுப்புச் சுவர் கட்டிவிட்டால் பயமில்லை என்பதை. சுவருக்குப் பின்னால் மண்ணில் சேரும் தண்ணீர் வெளியேற வழி இல்லாவிட்டால், அந்தத் தண்ணீரின் அழுத்தமே சுவரைத் தள்ளிவிடும். சுவரில் வரிசையாக வடிதுளை வேண்டும், அதன் பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டும், அந்தத் துளைகள் அடைபடாமல் பார்க்க வேண்டும். வாசல், பின்கட்டு, வண்டி நிறுத்தும் இடம் என்று ஒரு சாண் மண்கூடத் தெரியாமல் கான்கிரீட் போட்டு மூடும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் உங்கள் சுவரின் அடியிலும் பக்கத்து வீட்டுக்காரர் சுவரின் அடியிலும்தான் தங்கும். சரிவிலேயே, ஓடைப் போக்கிலேயே வீடு மலிவாக வருகிறது என்றால் எந்தச் சுவரும் உங்களைக் காப்பாற்றாது. வாங்காதீர்கள்.

சரி, பழைய வீட்டை வாங்கியாகிவிட்டது. என்ன செய்வது?

முதலில் ஒரு மழைக்காலம் பாருங்கள். அது முடியாவிட்டால் மழை பெய்த மறுநாளாவது வந்து பாருங்கள். சுவரைச் சாவியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டொக்கு டொக்கு' என்று வெற்றொலி கேட்கும் இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டையும் சுவரைத் தொடும் இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் அது இறங்காது. அரை அங்குலம் இறங்கினால் அந்த அறைக்கு அன்றே பூட்டு. பிறகு பழைய கட்டடம் தெரிந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவரை அழையுங்கள். வரைபடம் போட்டுக் கொடுப்பவரும் இவரும் ஒருவரே என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எழுத்தில் சொல்லும் வரை தொட்டியை மாடியில் ஏற்றாதீர்கள், பாத்ரூம் சுவர் எழுப்பாதீர்கள். மாடியில் பாத்ரூம் வேண்டியே தீரும் என்றால் பழைய சுவரில் சாயாமல் தரையிலிருந்து தனித் தூண்களில் எழுப்ப முடியுமா என்று அவரைக் கேளுங்கள்.

முன்னாலிருந்தவர் பூசிய சிமென்ட் இருந்தால் உளியால் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். பிரேக்கர் மெஷின் வேண்டாம், அந்த அதிர்ச்சியில் செங்கல் சேர்ந்து வரும். எடுத்த பிறகு சுவரைக் காய விடுங்கள். பூத்து வரும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பிறகு சுண்ணாம்பு. "சீக்கிரம் பிடிக்கக் கொஞ்சம் சிமென்ட் கலந்துக்கலாம் சார்" என்று யாராவது சொல்வார். வேண்டாம். பூச்சின் மேல் பிளாஸ்டிக் மாதிரி மூடும் பெயின்ட்டும் வேண்டாம், சுண்ணாம்பு அடியுங்கள்.

ஆள் கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. கிடைப்பார்கள், கொஞ்சம் தேட வேண்டும். கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பு வேலை திரும்பி வந்திருக்கிறது. ஸ்ரீரங்கம் கோயிலின் சீரமைப்புக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. கும்பகோணத்துக்கு அருகே துக்காச்சி ஆபத்சகாயேஸ்வரர் கோயிலுக்கு 2024-ல் கிடைத்தது. அப்படிப்பட்ட வேலைகளில் கை பழகிய கொத்தனார்கள் நம் மாவட்டங்களில் இருக்கிறார்கள். செட்டிநாட்டிலும் புதுச்சேரியிலும் இருக்கிறார்கள். கூலி கூடுதல்தான், நாளும் அதிகம் பிடிக்கும், ஒன்றிரண்டு பௌர்ணமி வாடகை போகும். மறைக்கவில்லை. ஆனால் சிமென்ட் பூசிய சுவரில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொத்துவதும் பூசுவதும் புட்டி வைப்பதுமாக ஆகும் செலவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், கடைசியில் சுவரே போகும் செலவையும் சேர்த்து.

புது கான்கிரீட் தூண், புது அஸ்திவாரம், புது வீடு என்றால் சிமென்ட் நல்ல பொருள். அதன் மேல் எனக்குப் பகை இல்லை. அது தாங்கத் தெரிந்த இடத்தில் தாங்கட்டும்.

இந்த வருஷ வேலை எப்படி முடிந்தாலும் சரி, உங்கள் வீட்டின் தளத்தை இன்ஜினீயர் பார்த்து எழுதிக் கொடுக்காத வரை, தீபத்தன்று பகல் 12 மணிக்கே மாடிப்படிக் கதவைப் பூட்டிச் சாவியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் இருந்தால், தெருவில் ஒருவரிடம் கொடுத்து, யார் எவ்வளவு காசு கொடுத்தாலும் திறக்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள். வந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். தெருவில் இறங்கி நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள், உச்சித் தீபம் அங்கிருந்தும் தெரியும்.